என் கணினியில் மட்டும் பார்த்தார்கள்

2004 வாக்கில் பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளராக இருந்தேன். எம்.சி.ஏ. முடித்திருந்தேன், இருபத்தாறு வயது. சொந்த ஊர் செந்துறைக்குப் பக்கம், தினமும் போய்வர முடியாது என்பதால் கல்லூரி விடுதியிலேயே தங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கல்லூரியில் இன்டர்நெட் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஆபீஸிலிருந்து ஒரு மெயில் போவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. முதல்வர் திருச்சியிலிருந்து நெட்வொர்க் தெரிந்த ஒருவரை வரவழைத்தார். கேபிள்கள் எல்லாம் என் மேஜைக்குப் பக்கத்தில்தான் வந்து சேரும். அதனால் அவர் என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒரு மென்பொருளைப் போட்டார். கேபிளில் போய் வரும் தகவல்களையெல்லாம் பிடித்து, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எது போகிறது என்று வரிவரியாகக் காட்டும் மென்பொருள் அது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. திரையில் ஓடிய வரிகள் எல்லாவற்றிலும் என் கம்ப்யூட்டரின் எண் மட்டுமே இருந்தது.

"சார், மொத்த ட்ராபிக்கும் இந்த ஒரு மெஷின்தான்" என்றார் அவர்.

முதல்வர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. "லேபுல உக்காந்து என்னம்மா பாக்குற? சாட்டிங்கா, இல்ல வேற எதாவதா?" என்று மாணவர்கள் காதில் விழும்படி கேட்டார். நான் அன்று காலையிலிருந்து மெயில்கூடத் திறக்கவில்லை என்று சொன்னேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எதிர் வரிசையில் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் நெட்டில்தான் இருந்தார்கள். மெதுவாகவாவது பக்கங்கள் திறந்துகொண்டிருந்தன. ஆனால் அவர்களுடைய கம்ப்யூட்டர்களின் எண் ஒன்றுகூடத் திரையில் வரவில்லை. அதைச் சொன்னேன். திருச்சிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்றார்.

மதியம் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனால், வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியாமலே ஊருக்குப் போன் போட்டு, உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். கடலைக்காட்டில் நின்றவர் வேட்டியை மாற்றிக்கொண்டு, அரியலூர் வந்து பஸ் மாறி ஓடி வந்திருக்கிறார். சம்பளம் வாங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் புகார் என்றால் அவளிடம் விளக்கம் கேட்பார்களா, அவள் அப்பாவைக் கூப்பிடுவார்களா? அங்கே வேலை பார்த்த எந்த ஆணுக்கும் இப்படி வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டதில்லை.

"பொண்ணக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. இல்லன்னா நாளையிலேருந்து வர வேணாம்" என்று முதல்வர், எங்களை உள்ளே கூப்பிட்டு, திருச்சிக்காரரும் ஆபீஸ் ஆட்களும் இருக்கும்போதே அப்பாவிடம் சொன்னார்.

அப்பா என் பக்கம் குனிந்து, "மன்னிப்பு கேட்டுடு பாப்பா. வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் மெதுவாக.

எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். "கேக்க மாட்டேம்ப்பா. நான் ஒண்ணும் பண்ணல" என்றேன். பிறகு முதல்வரைப் பார்த்து, "சார், இதே சாஃப்ட்வேர உங்க ரூம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதுலயும் என் நம்பர் வந்துச்சுன்னா நானே போயிடுறேன்" என்றேன்.

என்ன நினைத்தாரோ, அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சரி என்றார். அவர் அறையிலிருந்ததும் லேபில் இருந்ததும் ஒரே சமயத்தில் வாங்கிய கம்ப்யூட்டர்கள். திருச்சிக்காரர் மென்பொருளைப் போட்டு ஓடவிட்டார். வரிகள் ஓட ஆரம்பித்தன. என் எண் ஒரு வரியில்கூட இல்லை. எல்லாம் முதல்வருடைய கம்ப்யூட்டரின் எண்.

முதல்வர், "மெஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு" என்றார்.

என்னைச் சுட்டது அந்த வார்த்தைதான். அதே வரிகள், அதே மென்பொருள். என் கம்ப்யூட்டரில் வந்தால் என் நடத்தை கோளாறு. அவர் கம்ப்யூட்டரில் வந்தால் மெஷின் கோளாறு.

திருச்சிக்காரர் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். கம்ப்யூட்டரைக் கேபிளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு சாதாரணமாகத் தனக்கு வருவதை மட்டும்தான் வாங்குமாம். மற்றவர்களுடையதையும் பிடிக்க வேண்டுமென்றால் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்த பழைய டிரைவர் கொடுக்கவில்லை. நம் வீட்டு வாசலை மட்டும் பார்த்துவிட்டு, தெருவில் நடப்பவர்கள் எல்லாரும் இந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று சொன்ன கதை.

என் கம்ப்யூட்டரில் புது டிரைவர் போட்டார்கள். முதல் தடவை திரை நீலமாகி நின்றுவிட்டது. அந்தக் கார்டையே எடுத்துவிட்டு, வேறு கம்பெனி கார்டு ஒன்றைச் செருகி, அதற்கான டிரைவரைப் போட்டபோதுதான் எல்லாருடைய எண்களும் வந்தன. அதில் ஒன்று மட்டும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. நூலகத்தில் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர். வைரஸ். கேபிளைப் பிடுங்கியதும் நெட் பழையபடி வந்துவிட்டது.

"சரிம்மா, போய் வேலையப் பாரு" என்றார் முதல்வர்.

"வெளிய அப்பா உக்காந்திருக்காரு சார். நீங்க கூப்பிட்டுத்தான் வந்தாரு. நீங்களே சொல்லி அனுப்புங்க" என்றேன். நகரவில்லை. அவர் எழுந்து வந்து, அப்பாவிடம், "ஒண்ணும் இல்லங்க, சின்னக் கன்ஃப்யூஷன். நீங்க கெளம்பலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தப்பு நடந்துவிட்டது என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கண்டிக்கச் சொன்னதை எல்லார் எதிரிலும் சொன்னவர், இதைப் பாதிக் குரலில் சொன்னார்.

அப்பாவை அரியலூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்ததும், "என்ன ஏதுன்னு ஒன்னய ஒரு வார்த்த கேக்காம மன்னிப்பு கேக்கச் சொல்லிட்டேன். என் தப்புத்தான் பாப்பா. மனசுல வச்சுக்காத" என்றார். அன்று என்னிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். சொல்ல வேண்டியவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த வருடம் வேறு வேலை கிடைத்து நானாகவே விலகினேன். இப்போது எனக்குக் கீழே சிலர் வேலை பார்க்கிறார்கள். யாரைப் பற்றியாவது ஆதாரம் என்று எதையாவது கொண்டுவந்து காட்டினால், முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்கிறேன். அது என் நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன், அந்த ஒரு நாளின் கோபம் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.