அண்ணி தொட்ட திருகு

கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் எதிரொலிப் பெட்டிகளை வடிவமைப்பதும் பழுது பார்ப்பதும்தான் அண்ணியின் பிழைப்பு. ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார். காது கேட்கும் கருவிக் கம்பெனியில் சர்க்யூட் போட்டுக்கொண்டிருந்தவளைக் கல்யாணமான புதிதில் இந்தப் பக்கம் இழுத்துவிட்டவளும் அவளேதான். நாத்தனார் கிட்டார் வாசிப்பாள். வாசிக்காத நேரத்தில் வாய் வாசிக்கும்.

பழைய மாதிரிப் பெட்டிகளுக்குள் ஒரு சிப் இருக்கும். வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றுகிற ஆட்களைப் போல, வந்த சத்தத்தை அறை அறையாகத் தள்ளிவிடும். கடைசி அறைக்குப் போய்ச் சேர நேரமாகும் இல்லையா, அந்தத் தாமதம்தான் எதிரொலி. சத்தம் சிதையாமல் உள்ளே நுழைய ஒரு மின்னழுத்தம் வேண்டும். அதைக் கூட்டிக் குறைத்து வைக்க ஒரு குட்டித் திருகு உண்டு.

நாத்தனார் தன் பெட்டியைக் கொடுத்தது, ஆடிப்போன பவர் சாக்கெட்டை மாற்றத்தான். அண்ணி மாற்றினாள். அதோடு மூடியிருக்கலாமே! சத்தத்தை அலையாகத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தாள். அலையின் ஒரு பக்கம் மொண்ணையாக இருந்தது. கை சும்மா இருக்குமா? இரண்டு பக்கமும் சமமாகும்வரை திருகினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

நாத்தனார் வந்து நாலு சுரம் வாசித்தாள். நிறுத்தினாள்.

"அண்ணி, உள்ள என்ன பண்ணீங்க?"

"சாக்கெட் மாத்தினேன். அப்புறம்... ஒரு திருகு தப்பா இருந்துச்சு, சரி பண்ணேன்."

"அந்தத் தப்புலதான் பாதி ஆல்பம் முடிச்சிருக்கேன். பழைய இடத்துக்கே திருப்புங்க."

திருகைத் தொடுமுன் இருந்த இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். தொழிலின் முதல் பாடம். அண்ணி போடவில்லை.

முடித்த பாட்டுகளைப் போனில் ஓடவிட்டு, சாயங்காலம்வரை இருவரும் மல்லுக்கட்டினார்கள். திருகோ உள்ளே தேய்ந்த கிழம். ஒரு மயிரிழை அசைத்தால் தாவியது. இந்தப் பக்கம் கரகரப்பு, அந்தப் பக்கம் எதிரொலியே இல்லை. நடுவில் எங்கேயோ இருந்த அந்தச் சத்தம் போனது போனதுதான்.

நாத்தனார் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, முடிச்ச பாட்டு அஞ்சையும் தூக்கிடுங்க. ஆமா, எல்லாத்தையும்தான். மீதிப் பாட்டோட இனிமே ஒட்டாது. முதல்ல இருந்து வாசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கிட்டார் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அண்ணியால்தான் பொறுக்க முடியவில்லை.

"திட்டவாவது செய்டி."

"திட்டினா வந்துருமா?" நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அலை ரெண்டு பக்கமும் சமமா இருக்கற மாதிரியே வச்சு மூடுங்க. இனிமே அதுதான் என் சத்தம்."

அண்ணி மூடியைப் பொருத்தினாள். ஸ்க்ரூ ஒன்று உருண்டு ஓடியது. நாத்தனார் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.