குறை மட்டும் எழுதியவர்

கம்பெனியில் அவருக்கு நொட்டை என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து மூன்று மாடி ஏறுவதற்குள் எட்டுக் குறை சொல்லிவிடுவார். பட்டன் விளக்கு மங்கல், கதவு மூட அரை நொடி தாமதம், இரண்டாவது மாடியில் ஒரு விரல்கடை மேலே போய் நிற்கிறது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சர்வீஸ் தாளே அப்படித்தான் அச்சடித்து வரும். மேலே முகவரி, அதற்குக் கீழே 'குறைகள்' என்று தலைப்பு, பன்னிரண்டு கோடு. நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பற்றி எழுத அதில் இடமே கிடையாது. ஓடுகிறதை எழுதி என்ன ஆகப்போகிறது?

வீடியோ கேம் பழக்கம் நாற்பது வயதுக்கு மேல் வந்தது. வேலையில் கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தபோது தங்கை தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அவரைவிட ஒன்பது வயது சின்னவள். கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை.

"சும்மா மோட்டுவளையப் பாத்துட்டு அண்ணிகிட்ட சண்ட போடாத. இதுல ஒரு புதிர் இருக்கு, அதோட சண்ட போடு" என்றாள்.

போட்டார். கால் கூடிய பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டால் கம்ப்யூட்டர்தான். எட்டாம் வகுப்போடு நின்ற மனுஷன், கேம் விளையாடுகிறவர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் எழுதவும் ஆரம்பித்தார். அதே சர்வீஸ் தாள் பாணிதான். மேலே கேமின் பெயர், கீழே குறைகள்.

'சாவியைக் கம்பளத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இது புதிர் இல்லை. வீடு பெருக்குகிற வேலை.'

'கதாநாயகன் பதினாறடி ஏணியைச் சட்டைப்பையில் வைக்கிறான். தையல்காரர் யார் என்று தெரிவித்தால் நல்லது.'

'ஒரு மணி நேரம் பனிமூட்டத்தில் நடக்கவிட்டுப் பின்னால் பியானோ வாசிக்கிறார்கள். நடப்பது நான், கைதட்டல் பியானோவுக்கா?'

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சில ஆயிரம் பேர் அவர் எழுத்துக்காகவே காத்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த கேமை வாங்க ஆளில்லை.

பிடித்ததே இல்லையா என்றால், இருந்தது. ஒரு கேமில் பாழடைந்த ரயில் நிலையம் வரும். தகரக் கூரையில் மழை. செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அந்த நடைமேடையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, மழையா பாக்குறீங்க? வெளியவும் அதேதான் பெய்யுது. கொடியில கெடக்குற துணிய யாரு எடுக்குறது?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் எழுதியது: 'நிலையக் கடிகாரத்தின் நிமிஷ முள் நகரவில்லை.' மழையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒருநாள் அந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'நாங்கள் மூன்று பேர். நான்கு வருஷமாக வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தோம். உங்கள் கருத்து வேண்டும்.' பெயர் எதுவும் இல்லை. கேமின் பெயர் 'ஏழு மாடி'. ஆளில்லாத ஆபீஸ் கட்டடத்தில் ஒரு சின்னப் பெண். விளக்குகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அறைகள் திறக்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. அதனால் எழுத ஒன்றுமில்லாமல் நாற்பது நிமிஷம் விளையாடினார். அப்புறம் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் ஒன்று வந்தது. பெண் ஏறினாள். கதவு திறந்தபடியே இருக்க, லிஃப்ட் கிளம்பிவிட்டது.

அவருக்குச் சுள்ளென்று ஏறியது. அங்கேயே நிறுத்திவிட்டுத் தட்டினார்.

'கதவு மூடாமல் லிஃப்ட் ஓடுகிறது. கதவு ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு; கதவு மூடி அதை அழுத்தினால்தான் லிஃப்ட் நகரும். இதைச் செய்தவர்கள் ஆயுசில் லிஃப்டில் கால் வைத்ததில்லை. நான் இதற்கு மேல் விளையாடவில்லை. நீங்களும் மெனக்கெட வேண்டாம்.'

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

தங்கை ஏதோ கேம் செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். இடையில் ஓரிரு தடவை, "என்ன பாப்பா, உன் கேம் என்னாச்சு?" என்று கேட்டார். "நடக்குதுண்ணே" என்று மட்டும் சொல்வாள். வீட்டுக்கு வருவதும் குறைந்துபோனது. வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் மனைவி 'ஏழு மாடி' விளையாடினாள். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிற நர்ஸ் சொன்னாளாம்.

"அந்தக் குப்பையா?" என்றார்.

"உங்க கண்ணுக்கு எதுதான் குப்பையில்ல? கல்யாண ஃபோட்டோலயே கோணல் பாத்த ஆளு."

ஒரு மாதம் நிதானமாக விளையாடி முடித்தாள். கடைசித் திரையைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். 'லிஃப்ட் கதவு ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருந்த அண்ணனுக்கு'ன்னு போட்டிருக்கு. ஆனா இந்த கேம்ல லிஃப்டே இல்லையே, படிக்கட்டுதான இருக்கு? கீழ பாருங்க, நம்ம பாப்பா பேரு."

அவர் குனிந்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தார்.

அம்மா ஒரு ஏழு மாடி ஆபீசில் துப்புரவு வேலை பார்த்தாள். விடுமுறை நாளில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போவாள். அவருக்குப் பதின்மூன்று, தங்கைக்கு நாலு. அழவிடாமல் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டு அம்மா மேலே போய்விடுவாள். அங்கே கம்பிக் கதவு லிஃப்ட். சாப்பாட்டு டப்பாவில் இருந்த ஸ்பூனால் கதவு ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவோடு அவளை ஏழு மாடியும் கொண்டுபோவார். சுவர், வெளிச்சம், ஒரு நம்பர், மறுபடி சுவர். அவள் கைதட்டிச் சிரிப்பாள். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் ஒன்று விட்டாள். அதோடு சரி. பின்னால் மெக்கானிக் ஆகி, அதே காரியத்துக்காக எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். தானும் செய்தோம் என்பது நினைப்பிலேயே இல்லை.

மறுநாள் டூல் பெட்டியோடு நேராகத் தங்கை ஆபீசில் போய் நின்றார்.

"லிஃப்ட் எங்க பாப்பா?"

எந்த லிஃப்ட் என்று அவள் கேட்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள். "எடுத்தாச்சுண்ணே. நீ எழுதுன ரெண்டு நாள்ல முந்நூறு பேரு கேலி பண்ணி எழுதிட்டாங்க. கூட இருந்தவங்க ரெண்டு பேரும் பயந்துட்டாங்க. மூணு மாசம் உக்காந்து படிக்கட்டாக்குனோம்."

"நீதான்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நல்லாயிருக்குன்னு எழுதியிருப்ப. அது வேணாம்னுதான சொல்லாம அனுப்புனேன்?"

அவர் டூல் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அது போகட்டும். அந்தக் கையப் பாத்தியாண்ணே?"

"எந்தக் கை?"

"லிஃப்ட் கெளம்புனதும் கதவோரமா ஒரு கை தெரியும். ஸ்பூன வச்சு அமுக்கிட்டு இருக்கும். ஏழாவது மாடி வர்ற வரைக்கும் எடுக்காது. அத வரையவே எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு."

"நான் அதுக்குள்ள நிறுத்திட்டேன்."

"தெரியும். எழுதியிருந்தியே."

"திருப்பிப் போடு பாப்பா. நான் எழுதுனது தப்புன்னு அதே பக்கத்துல எழுதுறேன்."

"யாரண்ணே போடுறது? அவங்க ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போயிட்டாங்க. லிஃப்ட் போனதும் கைக்கு அங்க வேலையில்ல. அழிச்சாச்சு. வச்சிருந்த கம்ப்யூட்டரும் இப்ப இல்ல." பிறகு அவளே, "டீ சாப்பிடுறியா?" என்றாள்.

வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 'ஏழு மாடி'யை முதலிலிருந்து விளையாடினார். பக்கத்தில் குறை எழுதத் தாள் வைத்துக்கொள்ளவில்லை. நாலு வாரம் ஆனது. படிக்கட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் தனியாக ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் அவள் காலடிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். மேலே எங்கேயோ யாரோ வாளியை நகர்த்துகிற சத்தம். அந்தப் படியிலேயே அவரும் வெகுநேரம் நின்றார். இந்தப் படிக்கட்டு மோசமாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஒரு குறைகூட அகப்படவில்லை.

முடித்துவிட்டுத் தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?"

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"படிக்கட்டு நல்லாயிருக்கு பாப்பா."

"ம்" என்றாள். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."