கையைப் பின்னால் கட்டி நின்ற வாடிக்கையாளர்

புத்தகக் கடையில் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. தப்பு என்னுடையதல்ல, நான் வளர்ந்த புனேயுடையது. புறநகர் நிக்டியிலிருந்து பஸ் பிடித்து, 'அப்பா பல்வந்த் சௌக்' என்ற புத்தகக் கடைத்தெருவுக்குப் போனால், தெருவில் நின்றபடியே புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கடைக்காரர்தான் எடுத்துப் போடுவார். இரண்டு பக்கம் புரட்டினால், இங்கேயே படித்து முடிக்கப் போகிறாயா என்று மராத்தியில் கேட்பார். பகல் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போவார். நான்கு மணிவரை அறிவு காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஊரைத்தான் கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் மகள் மீனாவுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒருநாள் இவளோடு பேச என்னிடம் மொழியே இருக்காதோ என்று பயம் வந்துவிட்டது. தமிழ் கற்றுத்தரும் புத்தகம் வாங்க, ஆபீஸ் முடிந்ததும் கல்லூரிகளுக்கு எதிரே உள்ள பழைய கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த பெண் அலமாரிப் பக்கம் கைகாட்டிச் சிரித்தாள். எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்து அங்கேயே நின்றேன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கைகள் பின்னால். ஓர் அம்மையார் கடை ஆள் என்று நினைத்து வந்து, தோட்டக்கலைப் புத்தகம் எங்கே என்று என்னைக் கேட்டார். வழி கேட்டால் தெரியாது என்று புனேக்காரன் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. மாடியில் என்றேன். புத்தகத்தோடு இறங்கி வந்து நன்றி சொன்னார். அதன்பின் கடை மூடும்வரை எனக்கு ஓய்வில்லை.

"புக் எங்க?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தேன். எனக்குத்தான் யாரும் எடுத்துத் தரல."

விடுமுறையில் புனே போனபோது அங்கேயாவது வாங்கிவிடலாம் என்று சௌக்குக்குப் போனேன். அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது போலும், மேஜையைத் தாண்டி நானே அலமாரியில் கை வைத்தேன். கடைக்காரர் திட்டி முடிப்பதற்குள் ஒரு மணியாகிவிட்டது. ஷட்டர் இறங்கியது.

திரும்பி வந்ததும் மீனாவையே ஆக்ஸ்ஃபோர்டு கடைக்கு அழைத்துப் போனேன். கவுண்டருக்குப் பக்கத்தில் வழக்கம்போல் நின்றேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எதிரே வந்து, யாரோபோல் கேட்டாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ அங்கிள், தமிழ்... தமிழ் படிக்கிற புக் எங்க இருக்கு?"

அவள் தானாக என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது.

"இப்டி வாங்க மேடம்," என்று மாடிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் புத்தகம் உண்மையிலேயே அங்கே இருந்தது. ஒரு கையால் எடுத்து நீட்டினேன். மறு கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.