சாவி போட்டால் எரிகிற விளக்கு

எங்கள் தேயிலை எஸ்டேட் ரோட்டில் பகலில் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. உள்ளே நோயாளி இருக்கிறார், அல்லது பிரசவ வலியில் ஒருத்தி இருக்கிறாள். ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும், அது மலையில் எல்லாருக்கும் தெரிந்தது. பகல் விளக்கைக் கண்டால் மட்டும் அது மாறிவிடும். ஏறுகிறவனே வண்டியைப் பின்னால் எடுத்து இடம் விடுவான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அதைக் கெடுத்தவள் நான். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை.

ஜீப்பு என் பேரில் இருக்கிறது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள் பேரில் வண்டி என்பது எங்கள் லைன் வீடுகளில் என் ஒருத்திக்குத்தான். ஓட்டுவது என் மகன். சிறு தோட்டக்காரர்களின் இலை மூட்டைகளை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போவான், திரும்பும்போது ஆட்களை ஏற்றி வருவான். வண்டி சாம்பல் நிறம். பனி மூடிவிட்டால் பத்தடியில் நின்றாலும் தெரியாது.

அப்படி மூடியிருந்த ஒரு மத்தியானம், ஊட்டி சுற்றிப் பார்க்க வந்த கார் ஒன்று வளைவில் எங்கள் வண்டியை உரசிவிட்டது. ஓட்டி வந்தவர் இறங்கினார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன் சீட்டில் இருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்த எருமைய ரோட்டுல விட்டா எங்களுக்கு எப்படிக் கண்ணு தெரியும்? ஒரு லைட்டாவது போட வேண்டாமா?" என்றார்.

என் வண்டியை எருமை என்றது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த நாளே மகனை இழுத்துக்கொண்டு குன்னூரில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். பம்பருக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு வெள்ளைப் பட்டை விளக்கு. புதுக் கார்களுக்குக் கம்பெனியிலேயே பகல் விளக்கு வருகிறது, பழைய வண்டிக்கும் பொருத்தலாம் என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார்.

"சாவி போட்டாத் தானா எரியுமுங்க. ஒரு சுவிட்சும் வெச்சுத் தரட்டுங்களா? வேண்டாங்கறப்ப அணைச்சுக்கலாம்."

"சுவிட்ச் எதுக்கு? இவன் மறந்துருவான். எந்நேரமும் எரியட்டும்" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்று மகன் இழுத்தான்.

"பொண்டாட்டி சொன்ன சாமானே மறந்துட்டு வர்றவன், நீ சுவிட்சப் போடுவியா?"

கடைக்காரர் சிரித்தார். சுவிட்ச் இல்லாமலே பொருத்தினார்.

முதல் வாரம் நடந்ததை மறைக்கப் போவதில்லை. எதிரே வந்த லாரிகள் எல்லாம் பின்னால் போய் இடம் விட்டன. கொழுந்து பறிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு, "யாருக்குங்க ஒடம்பு?" என்று கூவினார்கள். செக்போஸ்ட் வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் தூக்கிவிட்டார். பைக்கில் போனவர்கள் விரலை மூடித் திறந்து லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று நான் இறங்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்நாளில் எனக்காக ஒரு லாரி பின்னால் போனது அப்போதுதான்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சிரித்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என் பக்கத்து வரிசையிலேயே நின்று கொழுந்து பறித்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏனுங்கக்கா, மந்திரி போறாப்புல போறீங்க! எங்க லைனுக்கு ஏதாச்சும் திட்டம் உண்டுங்களா?"

"மனு எழுதிக் குடு, பாக்கறேன்" என்றேன்.

மாசம் இரண்டு போவதற்குள் எல்லாரும் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். தீபாவளி வண்டி என்று பேர் வைத்தார்கள். லாரிகள் பின்னால் போவது நின்றது. என் கண் முன்னாலேயே தேய்ந்தது அந்த மரியாதை. அதற்குள்ளே வேறொன்றும் சேர்ந்து தேய்கிறது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள், அப்போதே தெரியும் என்று.

அன்று பளீரென்ற வெயில். பனியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தலைமுடி அவிழ ஓடி வந்தாள். "அக்கா, அவருக்கு வாயி கோணுதுங்க. பேச்சு வரல. கை தொங்குதுங்க." அவள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர். வேலைக்குப் போகக் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தோம். அவர் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் ஏறினேன்.

குன்னூர் எங்களுக்கு இறக்கம். மூன்றாவது வளைவில் இலை லாரி ஒன்று ஏறி வந்தது. மகன் ஹார்னை விடாமல் அடித்தான். பெரிய விளக்கையும் போட்டான். ஏற்கெனவே எரிகிற வெள்ளைக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் எடுபடவில்லை. லாரி ஒதுங்காமல் மூக்குக்கு நேரே வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"பின்னால போங்க தம்பி. ஏறுற வண்டி."

"ஒடம்பு சரியில்லாதவரு இருக்காருங்க!"

"உங்க வண்டியில தெனமும்தான் எரியுது. அம்மா சந்தைக்குப் போனாலும் எரியுது."

நான் இறங்கி ஓடினேன். "எட்டிப் பாருய்யா உள்ள!" என்று கத்தினேன். அவர் இறங்கி வந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. நல்ல மனுஷன், உடனே பின்னால் எடுக்கப் போனார். அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டரும், டிராக்டருக்குப் பின்னால் இன்னொரு ஜீப்பும் வந்து ஒட்டி நின்றுவிட்டன. ஒவ்வொருவரிடமும் நான் நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் முதலில் விளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். டிராக்டர் டிரெய்லரை வளைவில் பின்னால் தள்ளுவது லேசான காரியம் இல்லை. ஜீப்புக்குள் அவள் அவர் வாயோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் வரவில்லை. நேரமாகிவிட்டதால்தானா என்று ஆஸ்பத்திரியில் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. வீடு திரும்பிய அன்றே மகன் என்னைக் கேட்காமல் போய் சுவிட்ச் வைத்துக்கொண்டு வந்தான். இப்போது பனி இருந்தால் போடுகிறான், இல்லாவிட்டால் அணைக்கிறான். ஒரு நாளும் மறந்ததில்லை.

அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். படி ஏறிப் போய்ச் சொல்ல எனக்கு வரவில்லை. சுடுசோறு கொடுத்தனுப்பினேன், பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. போன வாரம் அவரைக் கைப்பயிற்சிக்குக் குன்னூர் கூட்டிப்போகத் தோளில் தாங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அரை மைல் தூரம். ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறுங்க கண்ணு. நாங்களும் குன்னூருதான்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாமுங்க. எங்களுக்கு பஸ்சே போதுமுங்க."

முன்பெல்லாம் வாய் நிறைய அக்கா என்பாள். அன்றைக்கு அது வரவில்லை. அவர் மட்டும் இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். கும்பிட்டாரா, போகச் சொன்னாரா தெரியவில்லை. நான் போகலாம் என்று மகனிடம் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் வண்டியை எடுத்துவிட்டான்.