கொக்கிக் கழுத்து

விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'எண்ணிக்கை அக்கா' என்றுதான் பெயர். ஈரத்தாளில் நூறு விதைகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைப்பாள். பீன்ஸ் என்றால் ஐந்தாம் நாள் பிரித்து எண்ணுவாள். ஒன்பதாம் நாள் இன்னொரு முறை. வேர் ஓடி, தண்டு முறியாமல், விதையிலைகள் முழுசாக இருந்தால்தான் அவளிடம் தேறும். எண்ணி முடித்ததும் முளைகள் குப்பைக்குப் போக வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு வருஷம் கொட்டியும் அவளுக்கு அது பழகவில்லை. மிஞ்சிய விதைகளில் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்து, மாடி வராந்தாவில் பழைய எண்ணெய் டப்பாக்களில் ஊன்றினால்தான் மனம் ஆறும்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் அறுவை நடந்தபின், இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். யார் கேட்டது? ஆறு மாதமாக மனுஷன் சுவரைப் பார்த்தபடி இடித்த புளி மாதிரி கிடந்தார். எதைக் கேட்டாலும் "ம்" ஒன்றுதான் பதில்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு வெளியூரில் நான்கு நாள் பயிற்சி வந்தது. சாப்பாட்டை நாத்தனார் கொண்டுவந்து கொடுப்பாள். டப்பாக்களை அவளிடம் விட்டால் குடம் குடமாகக் கொட்டி அழுக வைத்துவிடுவாள்.

"ஏங்க, காலையில ஒரு தடவை கையால தெளிச்சா போதும். ஊத்திடாதீங்க."

"ம்."

இரண்டாம் நாள், வகுப்பு நடுவில் போன் வந்தது. முதுகுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி வெளியே ஓடினாள்.

"ஏம்மா, பீன்ஸ் டப்பாவுல ஒண்ணு வந்திருக்கு. ஆனா தலையைக் காணோம். கழுத்து மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது. உடம்பு சரியில்லையா அதுக்கு?"

ஆறு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு. கழுத்தால முட்டி மண்ணைத் திறந்துட்டு, நிமிரும்போது தலையை இழுத்துக்கும். தலையைக் குடுத்து முட்டினா தளிர் நசுங்கிடுமில்ல?"

"அட! ரிவர்ஸ்லதான் வெளிய வருதுன்னு சொல்லு."

மறுநாள் விடிந்ததும், நிமிர்ந்துவிட்டது என்று ஒரு போன். விதையே இரண்டாகப் பிளந்து தண்டின் மேல் நிற்கிறதே என்று அடுத்தது.

"அது வழிச்சாப்பாடுங்க. இலை வந்து தானா சமைக்கிற வரைக்கும் அதைத்தான் தின்னும். அப்புறம் சுருங்கி விழுந்துடும்."

மத்தியானம் இன்னொரு போன்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னங்க?"

"ஒண்ணுக்கு விதைத்தோல் தொப்பி மாதிரி மாட்டிக்கிச்சு. திணறுதேன்னு லேசா இழுத்துவிட்டேன். தலை கையோட வந்துடுச்சு."

போலீசில் சரணடைகிறவன் குரல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. அது பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டேன்..."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அவர் அழவில்லை. இப்போது ஒரு பீன்ஸ் முளைக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். அவள் தடுக்கவில்லை. பயிற்சி அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்; கை காட்டி அவரை உள்ளே அனுப்பிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து, "பக்கத்து டப்பாவுல பட்டாணி ஊன்றினேனே, அது எப்படி இருக்குங்க?" என்றாள்.

"தளிர் வந்திருக்கு. விதை மேல வரலியே. தோண்டிப் பாக்கட்டுமா?"

"ஐயையோ, கை வைக்காதீங்க! பட்டாணி விதையை மண்ணுக்குள்ளயே விட்டுட்டுத்தான் வரும்."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

நான்காம் நாள் சாயங்காலம் வீடு திரும்பினால், கட்டில் வராந்தாக் கதவோரம் கிடந்தது.

"யாருங்க நகர்த்தினது? முதுகு என்னாவறது?"

"நான் தொடவே இல்ல. கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தேன்."

"படி இறங்கியா?"

"பின்ன? ஒரு வேலைக்குக் கூப்பிடறோம், மேலேருந்து கத்தியா கூப்பிடறது?"

பீன்ஸ் படர்வதற்குக் குச்சி வேண்டுமென்று அடுத்த நாள் இருவரும் மரக்கடைக்குக் கிளம்பினார்கள். பத்து நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று வீட்டு வாசற்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது வீட்டு அம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சொம்பை வாங்கியவர் குடிக்க மறந்துவிட்டு, "பீன்ஸ் எப்படி வெளிய வரும், பார்த்திருக்கீங்களாம்மா?" என்று ஆரம்பித்தார்.