ஐஸ் தொட்டியில் விழுந்த மோதிரம்

சங்கு குளித்துப் பிழைத்தவன் நான். கடலின் ஆழம் எனக்குப் பழக்கம். ஆனால் ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனித் தொட்டிக்குள் முங்கிய அந்த ஒரு தடவையை நினைத்தால் இன்றைக்கும் பல் கிட்டுகிறது. முங்கியது மோதிரத்துக்காக இல்லை. பழி தீர்க்க.

அதற்கு முந்தின வருஷம் என் அண்ணன் கடலில் மூச்சடைத்துச் செத்துப்போனான். ஆத்தா பொன்னமராவதியில், அக்காள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். தகவல் போய் அவள் வந்து சேர ஒன்றரை நாளாவது ஆகும். வைகாசி வெயில். ரெண்டு பார் ஐஸ், பெரிய பாளமாக ரெண்டு, கிடைத்தால் உடல் தாங்கும் என்று கம்பெனி மேனேஜர் காலில் விழுந்தேன். அவன் முதலாளியின் மருமகன்.

"மீனுக்குத்தான்டா ஐஸு, பொணத்துக்கு இல்ல. அங்கிட்டுப் போ" என்றான் பாவி.

மறுநாள் காலையிலேயே புதைக்க வேண்டியதாயிற்று. ஆத்தா வந்து மண்ணைத்தான் பார்த்தாள்.

அந்த மேனேஜர் ஒருநாள், குளிர் சரியாக இருக்கிறதா என்று தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறான். குளிரில் விரல் சுருங்கி, கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம் நழுவிவிட்டது. மாமனாரோ அன்று சாயங்காலம் கம்பெனிக்கு வருகிறார். தொட்டியை இறைத்தால் வேலை நின்று குட்டு வெளிப்பட்டுவிடும். எனக்கு ஆள் விட்டான்.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்."

போன வருஷம் 'டா', இந்த வருஷம் 'அண்ணே'! சரி என்றேன்.

ஐஸ் உறைகிற தகர டப்பாக்களில் ரெண்டைத் தூக்கி வழி விட்டார்கள். கீழே இருந்தது உறையாமலிருக்க உப்புக் கொட்டிய தண்ணீர். ஐஸைவிடக் குளிர். இறங்கியதும் நெஞ்சில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. தலைக்கு மேல் எங்கும் டப்பாக்கள். வந்த வழியைத் தவறவிட்டால் அங்கேயே சமாதிதான். தரையைத் தடவத் தடவ விரல்கள் மரத்துப்போயின. மோதிரம் கண்ணில் பட்டும் எடுக்க முடியவில்லை. உதட்டால் கவ்விக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

"கெடச்சுதாண்ணே?"

வாயைத் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொண்டேன்.

"அரை பார் ஐஸை நீயே தலையில தூக்கிக்கிட்டு எங்கண்ணனப் பொதச்ச எடத்துக்கு வா. அங்க தாரேன். இல்லாட்டி முழுங்கிருவேன்."

சாக்கைச் சுற்றி ஐஸைத் தலையில் வைத்து, சட்டையெல்லாம் ஒழுக, கடைத்தெரு வழியாக நடந்தான். ஊரே பார்த்தது. கால் மரத்துத் தள்ளாடினாலும் நான் பின்னாலேயே போனேன். நன்றாக வேண்டும் உனக்கு என்று மனசு குதித்தது. அவன் ஐஸை இறக்கியதும் மோதிரத்தை மணலில் துப்பினேன். பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

ஆத்தாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் ஐஸின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இம்புட்டு ஐஸு இருந்திருக்கே. எம்புள்ள மொகத்தப் பாத்திருப்பேனேடா" என்று அழுதாள்.

என் வலது சுண்டுவிரலுக்கு அன்று போன உணர்ச்சி திரும்பவே இல்லை. அதற்கு வருத்தமில்லை. ரெண்டு பார் கேட்ட நான் அரை பாரோடு அவனை விட்டேனே, அதுதான் ஆறவில்லை.