நாலு ஸ்பூன்

என்னோடு கடைக்கு வருவதென்றால் என் வீட்டுக்காரருக்கு வேப்பங்காய். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள் என்று சலித்துக்கொள்வார். உண்மைதான். தயாரித்த தேதி, கெடு தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகள், ஒன்றையும் விடமாட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். விவரமானவள், பார்த்து வாங்குகிறவள் என்று தெருவில் எனக்குப் பெயர். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். வர வேண்டிய நேரத்தில் அந்த விவரம் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் அண்ணனூரில், ரயில் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தம்பி பிறந்தான். பிறந்த கையோடு அம்மாவுக்கு டைபாய்டு வந்து தாய்ப்பால் வற்றிப்போனது. டாக்டர் டின் பால் எழுதிக்கொடுத்தார்.

டின்னில் தமிழ் ஒரு எழுத்து கிடையாது. இங்கிலீஷும் இந்தியும்தான். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் இங்கிலீஷில் போட வரும். முதல் டின் வந்த அன்று, இதில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லி அம்மா அதை என் மடியில் வைத்தாள். நான் டின்னின் மேல் இருந்த அளவுக் கட்டத்தில் விரலை ஓட்டி, தம்பியின் வயதைக் கண்டுபிடித்து, இவ்வளவு தண்ணீருக்கு ஆறு ஸ்பூன் என்றேன். டின்னுக்குள் இருந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்பூனால் அம்மா தலை தட்டி ஆறு போட்டாள். தம்பி நன்றாகத் தேறினான். தொடையில் மடிப்பு விழுந்தது. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், என் மகள் லேபிள் படித்துச் சொல்லித்தான் கொடுக்கிறேன் என்பாள் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதம் அந்த டின் கிடைக்காமல் போனது. அப்பா ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சைக்கிளிலேயே மருந்துக் கடைகளுக்கு அலைந்துவிட்டு, வேறு கம்பெனி டின் ஒன்றை வாங்கிவந்தார். மஞ்சள் டின். அதற்குள்ளும் ஒரு ஸ்பூன் இருந்தது. ஆனால் பழைய ஸ்பூன் தினமும் வெந்நீரில் கொதித்துக் கொதித்து தம்பிக்கென்றே ஆகிப்போயிருந்தது. அம்மா அதையே மஞ்சள் டின்னில் போட்டுக்கொண்டாள். புதுசைக் கழுவித் துடைத்துக் காபித்தூள் டப்பாவில் போட்டாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். டின் பால் குடித்த பிள்ளை இருந்த வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் காபித்தூள் டப்பாவைத் திறந்தாலும் இந்த ஸ்பூன்தான் கிடக்கும்.

மஞ்சள் டின்னின் கட்டத்தைப் படித்தேன். அதே தண்ணீருக்கு நாலு ஸ்பூன் என்று இருந்தது.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "நாலு தானா? அதுல ஆறு இல்ல?"

"இது வேற கம்பெனிம்மா. போட்டுக்கீறதத்தானே படிக்கிறேன்."

இரண்டு நாள் கழித்துப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பால் தண்ணியாக இருக்கிறதே என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டின்னை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, வேண்டுமானால் நீயே படித்துக்கொள் என்றேன். படிக்கத் தெரியாதவளிடம் சொல்கிற பேச்சா அது. அம்மா பாட்டிலைத் தம்பியின் வாயில் வைத்தாள்.

அம்மாவுக்கு உடம்பு இன்னும் தேறாததால் காலைக் காபி என் பொறுப்பு. டப்பாவில் கிடக்கும் ஸ்பூனால் எப்போதும் போல மூன்று ஸ்பூன் தூள்தான் போடுவேன். ஆனால் அந்த நாட்களில் அப்பா காபியை உறிஞ்சிவிட்டு, "இப்பல்லாம் காபி திக்கா கீதும்மா. உன் கை பட்டாலே தனி தான்" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. காபி ஏன் திக்கானது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

தம்பி எப்போது பார்த்தாலும் அழுதான். பாட்டில் காலியானதும் விரலைச் சப்பினான். தொடை மடிப்பு மறைந்தது. உயரம் போடுகிற வயது, இளைக்கத்தான் செய்யும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள், நம்பினோம். இப்படியே ஒன்றரை மாதம் போனது. சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு கண்டது. அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் நிறையப் பிள்ளைகளுக்குக் கண்டது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளை இவ்வளவு எடை குறைந்திருக்கிறதே, பால் எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டர் சேர்த்த அன்றே கேட்டிருந்தார். மஞ்சள் டின்னின் பெயரையும் நாலு ஸ்பூன் கணக்கையும் அம்மா சொன்னாள். மகள் படித்துச் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அளவு சரிதான் என்று அவர் தலையாட்டினார். எந்த ஸ்பூன் என்று அவர் கேட்கவில்லை. யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

காரியம் முடிந்த மறுநாள் அம்மா தம்பியின் பொருள்களை ஒரு பழைய துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டை, மை டப்பா, அந்த ஸ்பூன். நான் காபித்தூள் எடுக்கப்போனவள், டப்பா ஸ்பூனைக் கையில் வைத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன நினைத்தேனோ, தம்பியின் ஸ்பூனை எடுத்து இதன் மேல் வைத்தேன். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

மஞ்சள் டின்னில் அதற்குள் துவரம்பருப்பு கொட்டியாகிவிட்டது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. இந்த டின்னோடு வரும் ஸ்பூனால் மட்டுமே அளக்க வேண்டும் என்று. பெரிய எழுத்தில் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் இல்லை. ஏழாவது படித்த எனக்கு நன்றாகப் புரிகிற இங்கிலீஷ். நான்தான் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். லேபிளைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, துருப்பிடிக்கிறது என்றேன்.

வயிற்றுப்போக்குதான் காரணம் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். வயிறு நிறையக் குடித்த பிள்ளையாக இருந்தால் தாங்கியிருப்பான் என்று மனம் திருப்பிச் சொல்கிறது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. காபித்தூள் டப்பாவிலிருந்து அந்த ஸ்பூனை மட்டும் தூக்கி எறிந்தேன். கொஞ்ச நாளில், காபி பழையபடி இல்லையே என்றார் அப்பா.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். கோவில்பதாகையில் இருந்தோம். லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் டின் பால் வாங்கினோம். கடையில் இருந்தது அந்த மஞ்சள் டின்தான். லேபிளை மூன்று முறை கடைசி எழுத்துவரை படித்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தாள். வந்ததும் பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

"உன் தம்பிது. கொதிக்க வச்சி எடுத்தாந்தேன். இதாலயே போடு. அவனுக்கு நீ படிச்சி அளவாத்தான் குடுத்தே, ஒரு கொறையும் வெக்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சின்ன ஸ்பூனால் நாலு அளந்து போட்டுக் கலக்கினேன். பிறகு ஏதோ சாக்குச் சொல்லி அடுப்படிக்குப் போய், அதை ஊற்றிவிட்டு டின் ஸ்பூனால் வேறு பால் கலந்து எடுத்துவந்தேன். அம்மா இருந்த நாளெல்லாம் இதையேதான் செய்தேன். முதல் நாள் ஊற்றும்போதுதான் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். பால் தண்ணியாகத்தான் இருந்தது.